பழைய வண்டியும் ஒரு பாடநூல்தான்

சிலாங்கூர் மாநிலத்தின் சிப்பாங் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் டெங்கில். ஒரு பக்கம் புத்ராஜெயா, மறுபக்கம் சைபர்ஜெயா என நவீன நகரங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. இதே மாவட்டத்தில்தான் 1999ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சிப்பாங் அனைத்துலகப் பந்தயத் தளமும் உள்ளது. உலகின் மிக வேகமான மோட்டார் சைக்கிள்கள் அங்குச் சீறிப் பாய்வதைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர். வண்டிகளைச் செப்பனிடும் பொறியியல் வல்லுநர்களையும் நாம் வியந்து பாராட்டுகிறோம்.

ஆனால், அதே வேலையை நம் வீட்டுப் பிள்ளை செய்தால் நம் பார்வை மாறிவிடுகிறது. வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்த மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டு, கையெல்லாம் எண்ணெய்க் கறையுடன் ஒரு மாணவன் அமர்ந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "படிக்கிற வயதில் இது என்ன வேலை? அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு உள்ளே வந்து புத்தகத்தை எடு!" என்றுதான் பெரும்பாலான பெற்றோர் கூறுவர். அந்த மாணவனும் ஒரு பாடநூலைத்தான் திறந்து வைத்திருக்கிறான் என்பது என் கருத்து. அதனைத் தூக்கி எறியச் சொல்வதற்கு முன்பு, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது நம் கடமையாகும்.

முதலில் அந்த வண்டியைப் பற்றி அறிந்துகொள்வோம். தார்ச் சாலையில் அல்லாமல் மண்பாதை, மேடு பள்ளம், சேறு ஆகியவற்றில் ஓடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட மோட்டார் சைக்கிள்களை நம் நாட்டில் 'ஸ்கிரேம்பளர்' என்று அழைப்பர். உயர்ந்த மண்காப்பு, பெரிய முன்சக்கரம், ஆழமான பற்கள் கொண்ட டயர், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும் இயந்திரம் ஆகியவை அதன் அடையாளங்கள். யமஹா நிறுவனம் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட டிடி-1 என்னும் 250 சிசி வண்டி, இவ்வகையைச் சாதாரண மக்களிடமும் கொண்டு சேர்த்தது. அதனைத் தொடர்ந்து யமஹா டிடி, சுசுகி டிஎஸ், ஹோண்டா எக்ஸ்எல் ஆகிய வரிசைகளில் பல வண்டிகள் வந்தன. சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு செய்யப்பட்ட அத்தகைய வண்டிகளைத்தான் இன்று ஆர்வலர்கள் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கின்றனர்.

இப்பணி ஒரு சிறந்த அறிவியல் பாடமாகும். இன்றைய வண்டிகளின் எரிபொருள் அளவைக் கணினிச் சில்லுகள் கட்டுப்படுத்துகின்றன. கோளாறு ஏற்பட்டால், அதற்குரிய கருவியைப் பொருத்தித்தான் பல வேளைகளில் காரணத்தை அறிய முடியும். பழைய வண்டியில் அப்படி எதுவும் மறைந்திருப்பதில்லை. பெட்ரோலும் காற்றும் கார்புரேட்டரில் கலக்கின்றன. பிளக் தீப்பொறியைத் தருகிறது. எரிந்த வாயு விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அந்த அசைவு சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துப் பார்க்கலாம். வகுப்பறையில் துருவைப் பற்றி ஒரு பத்தி படித்து மனனம் செய்கிறோம். பெட்ரோல் தொட்டியின் உட்புறம் துருவேறி, அதன் துகள்கள் கார்புரேட்டரின் நுண்ணிய துளையை அடைத்திருப்பதைக் கண்ட மாணவனுக்கோ அந்தப் பத்தி ஒருபோதும் மறக்காது.

பிளக்கும் அப்படிப்பட்ட ஓர் ஆசிரியர்தான். அதனைக் கழற்றிப் பார்க்கும்போது முனை இளம்பழுப்பு நிறமாக இருந்தால் எரிதல் சரியாக நிகழ்கிறது என்று பொருள். கரிய புகைப்படிவு இருந்தால் எரிபொருளோ எண்ணெயோ மிகுதியாகச் செல்கிறது. வெளுத்துப் போயிருந்தால் எரிபொருள் போதவில்லை. இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மருத்துவர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதைப் போன்றது இது. உற்றுநோக்குதல், காரணத்தை ஊகித்தல், சோதித்தல், முடிவு காணல் என அறிவியல் பாடத்தில் நாம் கற்கும் படிநிலைகள் அனைத்தும் இங்கே நடைபெறுகின்றன.

அறிவைக் காட்டிலும் பெரிய பயன் ஒன்று உண்டு, அதுதான் பொறுமை. பழைய வண்டியைப் பிரிப்பது எளிது. மீண்டும் பூட்டுவதுதான் கடினம். கழற்றும் முன்பு ஒவ்வொரு பகுதியையும் படம் எடுக்க வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயர் எழுதி வைக்க வேண்டும். துருவேறி இறுகிப்போன திருகாணியை ஆத்திரத்தில் முறுக்கினால் அது உடைந்துவிடும். எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருந்தால் பெரும்பாலும் இளகும். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். இடைவெளி மிகுந்தால் வலிமை குறையும். குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். "ஏறக்குறைய சரியாக இருக்கிறது" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தேர்வுத் தாளில் தவறான விடைக்குச் சில புள்ளிகள் குறையும். இங்கோ இயந்திரம் ஓடாது. இயந்திரத்திடம் சாக்குப்போக்கு செல்லாது. 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழியின் பொருளை இப்பணி கையில் பிடித்துக் கற்பிக்கிறது.

இப்படிக் கற்றவர்கள் வாழ்க்கையில் உயர முடியுமா என்ற ஐயம் எழலாம். தமிழர்களிடையே அதற்குச் சிறந்த சான்று ஜி.டி. நாயுடு ஆவார். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பில் நாட்டம் இல்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அவர் மனத்தைக் கவர்ந்தது. அதனை வாங்க வேண்டும் என்பதற்காகவே கோவைக்குச் சென்று, உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வண்டி கைக்கு வந்ததும் அதனை ஓட்டி மகிழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. பிரித்துப் பிரித்துப் பூட்டி, அது இயங்கும் விதத்தைக் கற்றுக்கொண்டார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்துச் சேவையைத் தொடங்கினார். 1937ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக மின்மோட்டார் தயாரித்த முயற்சியில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பின்னாளில் தொழிற்கல்வி நிலையங்கள் உருவாகவும் துணைநின்றார். அந்த மோட்டார் சைக்கிளைப் பிரித்த நாளில், "இது உனக்கு எதற்கு?" என்று எவரேனும் அதைப் பிடுங்கியிருந்தால் இழப்பு யாருக்கு என்று சிந்திக்க வேண்டும்.

டெங்கில் போன்ற ஊர்களில் இப்பணிக்கு மற்றுமொரு பொருளும் உண்டு. இன்றைய புத்ராஜெயா எழுந்து நிற்கும் நிலத்தில் முன்பு பிராங் பெசார் என்னும் இரப்பர் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பங்கேற்ற ஆங்கிலேயர்கள் 1921ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினர். 'பெரும் போர்' என்பதே அப்பெயரின் பொருள். நிர்வாக நகரம் உருவானபோது அங்கும் அண்டைத் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் டெங்கிலுக்குக் குடிபெயர்ந்தன. தோட்டத்து இலயன் வீடுகள் இன்று இல்லை, மரங்களும் இல்லை. அத்தகைய குடும்பம் ஒன்றில் தாத்தா செம்மண் பாதையில் ஓட்டிய மோட்டார் சைக்கிள் எஞ்சியிருந்தால், அது வெறும் இரும்பா? அதனை எடைக்குப் போட்டால் சில ரிங்கிட் கிடைக்கும். புதுப்பித்தால், அது எந்தப் பாதையில் ஓடியது, யாரை ஏற்றிச் சென்றது என்று கேட்பதற்கு ஒரு பேரன் தாத்தாவின் அருகில் அமர்வான். அந்த உரையாடலைக் காசு கொடுத்து வாங்க இயலாது.

இக்கருத்தை மறுப்போரின் வாதங்களையும் நேர்மையாக ஆராய வேண்டும். படிப்பு கெடும் என்பது முதலாவது வாதம். அளவின்றி ஈடுபட்டால் எந்தப் பொழுதுபோக்கும் படிப்பைக் கெடுக்கும். கைப்பேசி விளையாட்டுகளும் அப்படித்தான். வார இறுதியில் சில மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டால் இச்சிக்கல் எழாது. மேலும், கைத்திறனும் ஒரு கல்வியே. எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர் தொழில்நுட்பத்துறையில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் உண்டு. பட்டப் படிப்பு மட்டுமே படிப்பு என்று எண்ணுவோர், தங்கள் வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் யாரைத் தேடிச் செல்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

செலவு அதிகம் என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை உண்டு. தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது; கிடைத்தாலும் விலை கூடுதலாக இருக்கும். புதுப்பித்து விற்று இலாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் இறங்குவோர் ஏமாற்றமே அடைவர். ஆயினும், எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கத் தேவையில்லை. இம்மாதம் கார்புரேட்டர், அடுத்த மாதம் சக்கரக் கம்பிகள் என்று சேமிப்புக்கு ஏற்ப முன்னேறலாம். பணம் சேரும்வரை காத்திருப்பதும் இளையோர்க்குத் தேவையான பழக்கம்தான்.

ஆபத்து என்பதே மூன்றாவது வாதம். மிகக் கனமான வாதமும் இதுவே. நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஆவர். பிள்ளையை இழந்த வீட்டாரிடம் பொறுமையைப் பற்றியும் அறிவியலைப் பற்றியும் பேச முடியாது. எனவே, இப்பணிக்கு எல்லைகள் இருந்தே தீர வேண்டும். புதுப்பிப்பது வேறு, ஓட்டுவது வேறு. பதினான்கு வயது மாணவன் பெரியவர்களின் மேற்பார்வையில் ஒரு வண்டியைப் புதுப்பிக்கலாம். உரிமம் பெறும்வரை சாலையில் ஓட்டக்கூடாது. சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வண்டி சாலைக்கு வரவே கூடாது. பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட ஸ்கிரேம்பளர்களுக்கு முகப்பு விளக்குகூட இருப்பதில்லை. அவற்றுக்கு உரிய இடம் அனுமதி பெற்ற மண்தளம் மட்டுமே. சட்டத்திற்குப் புறம்பான பந்தயத்திற்காக இயந்திரத்தை முடுக்கிவிடுவது புதுப்பித்தல் அன்று; அது இக்கலைக்கே இழுக்காகும்.

நேர்மையும் இங்குச் சோதிக்கப்படுகிறது. வண்டியின் சட்டத்திலும் இயந்திரத்திலும் பொறிக்கப்பட்டுள்ள எண்கள் பதிவு அட்டையில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். எண் சுரண்டப்பட்ட இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அது யாரோ ஒருவரிடமிருந்து திருடப்பட்ட வண்டியாக இருக்கக்கூடும். மலிவான விலைக்கு மயங்காமல் "வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவனே நல்ல கைவினைஞன்.

வீட்டுப் பட்டறையிலும் கவனம் தேவை. மூடிய அறையில் இயந்திரத்தை ஓடவிட்டால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும். பெட்ரோல் தொட்டியை வீட்டில் பற்றவைக்க முயல்வது வெடிப்புக்கு வழிவகுக்கும். அதனைத் தேர்ந்தவர்களிடமே ஒப்படைக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசியை ஊதக்கூடாது. பயன்படுத்திய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது டெங்கில் வழியாக ஓடும் லங்காட் ஆற்றை மாசுபடுத்தும். மக்களுக்குக் குடிநீர் தரும் ஆறு அது. ஆகவே, எண்ணெயைக் கலனில் சேர்த்து, அதனைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையிடம் கொடுக்க வேண்டும். பழைய இரண்டு வீச்சு இயந்திரங்கள் எண்ணெயையும் சேர்த்து எரிப்பதால் புகையும் மிகுதி. அவற்றை நாள்தோறும் பயன்படுத்தாமல் அரிதாகவே ஓட்டுவது நல்லது.

இந்த எல்லைகளுக்குள் நின்று செய்தால், பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிப்பது வீண் வேலையன்று. அது அறிவியலும் பொறுமையும் நேர்மையும் குடும்ப வரலாறும் ஒன்றுசேரும் கல்வி. இதற்குப் பெரிய இடமும் தேவையில்லை. வீட்டின் பின்புறத்தில் காற்றோட்டமான ஒரு மூலையும், நல்ல திருகுச்சாவிகள் சிலவும், வழிகாட்ட அனுபவமுள்ள ஒருவரும் போதும். பெண் பிள்ளைகளுக்கும் அந்த மூலையில் சம இடம் இருக்க வேண்டும். திருகுச்சாவிக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியாது.

ஆகவே, கையில் எண்ணெய்க் கறையுடன் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டதும் திட்டுவதற்கு முன்பு, அருகில் சென்று ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது?" அவனோ அவளோ தெளிவாக விளக்கினால், அங்கே படிப்பு நடந்துகொண்டிருக்கிறது. விளக்கத் தெரியாவிட்டால், இருவரும் சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.