வேகத்தை அளப்போம், வாகனத்தை மறிக்க வேண்டாம்

 

கொஞ்சம் நீளமான பதிவுதான். முழுவதையும் வாசித்துவிட்டு மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள்.

நமது குடியிருப்பு வீதியில் வாகனங்கள் பறக்கின்றன என்ற பேச்சு புதிதல்ல. பள்ளிவாசல் முற்றத்திலும் கடை வாசலிலும் ஸ்கூல் வேனுக்குக் காத்து நிற்கும் உம்மாமாரிடமும் இதே கதைதான். இப்போது சிலர், தொண்டர்களைச் சேர்த்து வீதியை நாமே கண்காணித்தால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு வந்த பதில்கள் இரண்டு வகை. ஒன்று, "அது பொலிஸின் வேலை, நமக்கு எதற்கு?" மற்றது, "நாலு பொடியன்களை நிறுத்தி, ஓடி வருபவனை மறித்து இரண்டு வார்த்தை கேட்டால் சரியாகிவிடும்." இந்த இரண்டும் பிழை என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பதுளை மாவட்டத்தில் வீதி விபத்து என்றவுடன் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பெரிய விபத்துகள். 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து வந்த தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் விழுந்தது. 2024 நவம்பர் 1ஆம் திகதி துன்ஹிந்த பகுதியில் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ் கவிழ்ந்தது. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியர்களை ஏற்றிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் வேகம் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பசறையில் மலையிலிருந்து விழுந்த பெரிய கல் வீதியின் ஒரு பக்கத்தை அடைத்துக் கிடந்த இடத்தில்தான் அந்த பஸ் எதிரே வந்த வாகனத்துக்கு இடம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வழியால் போன எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்கள். ஆபத்து கண்ணுக்கு முன்னால் கிடந்தது. உயிர்கள் போன பிறகுதான் நாடே அதைப் பற்றிப் பேசியது.

நமது வீதியில் உள்ள ஆபத்தும் அப்படித்தான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பெரிய விபத்து நடந்தால் அமைச்சர் வருவார், விசாரணைக் குழு வரும், தொலைக்காட்சி வரும். மதரஸா விட்டு வரும் ஒரு பிள்ளையை பைக் தட்டிவிட்டுப் போனால் யாரும் வரமாட்டார்கள். வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். இரண்டு நாள் பேச்சு, மூன்றாம் நாள் மறதி. இலங்கையில் ஒவ்வோர் ஆண்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதியில் இறக்கிறார்கள். அவர்களில் பலர் ஒருவர், இருவராகப் போனவர்கள்.

பாடசாலையில் படிப்பிக்கும் ஆள் என்பதால் ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். ஒரு சாரதி பிள்ளையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒரு செக்கன் எடுக்கும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு செக்கனில் வாகனம் 8 மீற்றர் போகும். காய்ந்த, சமதரை வீதி என்றால் பிரேக் பிடித்த பிறகு இன்னும் 5 மீற்றர். மொத்தம் 13 மீற்றரில் வாகனம் நின்றுவிடும். இப்போது 50 கி.மீ. வேகத்தை எடுங்கள். அதே ஒரு செக்கனில் வாகனம் 14 மீற்றர் போய்விடும். அதாவது 30இல் வந்தவன் வாகனத்தை நிறுத்தி முடித்த இடத்தில், 50இல் வந்தவன் இன்னும் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. அந்த இடத்தில் பிள்ளை நின்றால் முழு வேகத்தோடு மோதுவான்.

இது காய்ந்த வீதிக் கணக்கு. நமது வீதி எப்படி இருக்கிறது? ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் காண். மழை பெய்தால் சேறு, மாலையில் பனிமூட்டம், பிறகு இறக்கம், வளைவு. நடைபாதை என்று ஒன்று இல்லை. காணுக்குள் இறங்க முடியாததால் பிள்ளைகள் வீதியிலேயே நடக்கிறார்கள்.

சட்டப்படி குடியிருப்புப் பகுதிகளில் கார், பஸ்களுக்கு எல்லை 50 கி.மீ., முச்சக்கர வண்டிக்கு 40 கி.மீ. ஆனால் நடந்து போகிறவர்களும் வாகனங்களும் கலந்து போகும் இடங்களில் 30 கி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர் மாநாடு சொன்னது. சராசரி வேகம் 1 வீதம் கூடினால் உயிராபத்து விபத்துக்கான வாய்ப்பு 4 வீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே "சும்மா அஞ்சு, பத்து கிலோமீற்றர்தானே கூட" என்பது சின்ன விசயம் இல்லை.

சரி, "அது பொலிஸின் வேலை" என்பவர்களுக்கு வருகிறேன். உண்மைதான், தண்டம் விதிப்பது பொலிஸின் வேலை. ஆனால் போக்குவரத்துப் பொலிஸார் இருப்பது சிலர். பார்க்க வேண்டியது பதுளை நகரமும் பண்டாரவளை வீதியும் மகியங்கனை வீதியும் பசறை வீதியும். நமது உள்வீதிக்கு அவர்கள் தினமும் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அவர்களை எந்த நாளில், எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்பதற்கு ஆதாரத்தோடு ஒரு தகவல் கொடுக்க நம்மால் முடியும். "ஐயா, எங்கட ரோட்டில எல்லாரும் வேகமா போறாங்க" என்று போய்ச் சொன்னால் அது முறைப்பாடு. "காலை 6.45 முதல் 7.30 வரை இத்தனை வாகனம் போனது, அதில் இத்தனை 50க்கு மேல்" என்று இரண்டு வாரக் கணக்கை எழுதிக் கொடுத்தால் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

இதற்கு விலை கூடிய கருவி தேவையில்லை. வீதியின் நேரான ஒரு பகுதியில் 50 மீற்றரை நாடாவால் அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்பால் அடையாளம் போடுங்கள். கையடக்கத் தொலைபேசியில் உள்ள செக்கன் கடிகாரம் போதும். 50 மீற்றரைக் கடக்க 6 செக்கன் எடுத்தால் வேகம் 30. 4.5 செக்கன் என்றால் 40. 3.6 செக்கன் என்றால் 50. 3 செக்கன் என்றால் 60. சாதாரண தரம் படிக்கும் பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு. கையால் அளக்கும்போது சின்னப் பிழை வரும், ஆகவே இது ஒருவருக்கு எதிரான சாட்சியாக நிற்காது. வீதியின் நிலைமையைக் காட்ட இது தாராளம்.

இப்படிச் செய்கிறவர்கள் உலகில் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் கம்யூனிட்டி ஸ்பீட்வொச் என்று ஒரு முறை இருக்கிறது. பொலிஸாரிடம் பயிற்சி எடுத்த ஊரவர்கள், பொலிஸார் சம்மதித்த இடத்தில், தூரத்திலேயே தெரியும் மேலங்கியோடு நிற்பார்கள். வேகத்தை அளந்து வாகன இலக்கத்தைக் குறித்துப் பொலிஸாருக்கு அனுப்புவார்கள். பொலிஸார் உரிமையாளருக்குக் கடிதம் போடுவார்கள். தண்டம் இல்லை. திரும்பத் திரும்ப மாட்டுகிறவரின் வீட்டுக்குப் பொலிஸ் போய்க் கதைக்கும். தொண்டர் யாரையும் மறிப்பதில்லை, யாரோடும் வாதாடுவதில்லை. அந்த முறையில் எனக்குப் பிடித்ததே அதுதான். நமக்குப் பக்கத்தில் சென்னையிலும் போக்குவரத்து வார்டன்கள் என்ற தொண்டர்கள் நெடுங்காலமாகப் பொலிஸாரோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்.

இப்போது இரண்டாவது கூட்டத்தாரிடம் வருகிறேன். மறித்துக் கேட்போம் என்கிற தம்பிமார்களே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் வீதியில் ஒரு தகராறு. முச்சக்கர வண்டியில் வந்த நமது சமூகத்து இளைஞர்கள் ஒரு சிங்கள லொறிச் சாரதியை அடித்தார்கள். அந்த மனிதர் மார்ச் மாத ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதன் பிறகு திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கலவரத்துக்குப் பின்னால் வேறு கைகளும் நெடுநாள் வெறுப்புப் பிரசாரமும் இருந்தன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் தொடக்கம் வீதியில் வந்த ஒரு கோபம். ஒரு குடும்பம் தன் பிள்ளையை இழந்தது. அதோடு சம்பந்தமே இல்லாத எத்தனையோ குடும்பங்கள் எல்லாவற்றையும் இழந்தன.

பதுளையில் நாம் மூன்று சமூகமும் ஒரே வீதியைப் பாவிக்கிறோம். தோட்டத்துக்குப் போகும் லொறி, பன்சலைக்குப் போகும் வேன், கோயிலுக்குப் போகும் ஆட்டோ எல்லாம் நமது வாசலைத் தாண்டித்தான் போகின்றன. தொப்பி போட்ட நாலு இளைஞர்கள் ஒரு சிங்களச் சாரதியையோ தோட்டத்துத் தம்பியையோ மறித்து நிற்கும் ஒரு வீடியோ வெளியே போனால், அதில் வேகத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். பிள்ளைகளைப் பாதுகாக்க நாம் தொடங்கும் வேலை பிள்ளைகளுக்கே ஆபத்தாக முடியக்கூடாது.

அதனால் நான் முன்வைக்கும் நிபந்தனைகள் இவை.

முதலாவது, குழு பள்ளிவாசலின் குழுவாக இருக்கக்கூடாது, வீதியின் குழுவாக இருக்க வேண்டும். இந்த வீதியில் குடியிருக்கும் முஸ்லிம், தமிழ், சிங்களக் குடும்பங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் ஆட்கள் வேண்டும். பெண்களும் வேண்டும். ஒரு தாத்தாவும் ஒரு அக்காவும் ஒரு நோனாவும் சேர்ந்து நின்றாலே பாதிச் சாரதிமார் வேகத்தைக் குறைப்பார்கள்.

இரண்டாவது, பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் எழுத்தில் அறிவித்து, அவர்கள் சம்மதித்த பிறகுதான் தொடங்க வேண்டும்.

மூன்றாவது, யாரையும் மறிக்கக்கூடாது, வீதியில் இறங்கக்கூடாது, கத்தக்கூடாது. யாராவது ஏசினாலும் பதில் இல்லை.

நான்காவது, வாகன இலக்கத்தையோ சாரதியின் முகத்தையோ பேஸ்புக்கில் போடக்கூடாது, வாட்ஸ்அப் குழுமத்திலும் போடக்கூடாது. ஒருவரை ஊருக்கு முன்னால் அவமானப்படுத்தினால் அவர் திருந்தமாட்டார், எதிரியாவார். மிக ஆபத்தான ஓட்டத்தைக் கண்டால் அதற்கென்று பொலிஸார் 2025 ஜனவரியில் வெளியிட்ட ஈ-ட்ராஃபிக் செயலி இருக்கிறது. படத்தையோ வீடியோவையோ அதில் அனுப்பலாம். பஸ் பற்றிய முறைப்பாட்டுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 இலக்கம் இருக்கிறது.

ஐந்தாவது, பாடசாலை மாணவர்களை வீதியோரம் நிறுத்தக்கூடாது. கணக்குப் போடுவதற்கும் வரைபடம் கீறுவதற்கும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், நிற்பது வளர்ந்தவர்களின் வேலை.

ஆறாவது நிபந்தனை சிலருக்குக் கசக்கும். முதல் வாரம் நமது வாகனங்களை மட்டும் அளப்போம். சுபஹுக்குப் பிறகு முறுக்கிக்கொண்டு போகும் பைக் யாருடையது? 7.25க்கு மணி அடிக்கப் போகிறது என்று பிள்ளைகளை அடைத்துக்கொண்டு ஓடும் வேன் யாருடையது? ஜும்ஆவுக்குப் பிந்தியதால் வளைவில் முந்திப் போகும் கார் யாருடையது? வெளியூர் டிப்பர்களை மட்டும் குறை சொல்வது இலேசு. நமது வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவனிடம் சொல்வதுதான் கஷ்டம். பாதைக்கு ஓர் உரிமை இருக்கிறது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த உரிமையைப் பைக்கில் ஏறியவுடன் மறக்கக்கூடாது.

இன்னொரு விசயம். சிலர் தாங்களாகவே கல்லும் சீமெந்தும் போட்டு வேகத்தடை கட்டத் தயாராகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெளிச்சம் இல்லாத இடத்தில், நிறம் பூசாத தடை இரவில் வரும் பைக்காரனை விழுத்தும். 1990 அம்பியூலன்ஸில் போகும் நோயாளியையும் அது தூக்கிப் போடும். எந்த இடத்தில், எந்த அளவில் தடை வர வேண்டும் என்பதை வீதிக்குப் பொறுப்பான சபையிடமும் பொலிஸாரிடமும் கேட்டுப் பெறுவோம். அதற்கும் நமது இரண்டு வாரக் கணக்குத்தான் கைகொடுக்கும். வேகத்தடை, மஞ்சள் கடவை, அறிவிப்புப் பலகை, காணுக்கு மேல் மூடி என்று எல்லாக் கோரிக்கைக்கும் அந்த ஒரு தாள் போதும்.

கடைசியாக, தோட்டப் பக்கத்துப் பிள்ளைகளையும் மறந்துவிடாதீர்கள். நமது பிள்ளைகளில் பலருக்கு வேன் இருக்கிறது. லயத்திலிருந்து வரும் பிள்ளை மழையிலும் பனியிலும் வீதியோரமாக நடந்தே வருகிறது. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் காலை நேரத்தில் மலைக்கு வேலைக்குப் போக வேண்டும், கூட்டத்துக்கு வந்து முறையிட நேரம் இல்லை. வீதியோரத்தில் ஒருவர் நின்று பார்க்கிறார் என்றால், அது அந்தப் பிள்ளைக்குத்தான் முதலில் பயன்படும்.

எனக்குத் தேவை பன்னிரண்டு பேர். ஒருவருக்கு வாரத்தில் ஒரு காலை, முக்கால் மணித்தியாலம். மூன்று பேர் சேர்ந்து நிற்க வேண்டும்: ஒருவர் கொடியைக் காட்ட, ஒருவர் நேரம் பிடிக்க, ஒருவர் எழுத. சிங்களம் நன்றாகப் பேசுகிறவர்கள் கட்டாயம் வேண்டும். நாடாவும் கொப்பியும் நான் கொண்டு வருகிறேன். விருப்பமுள்ளவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், அல்லது உள்பெட்டியில் சொல்லுங்கள். பன்னிரண்டு பேர் சேர்ந்தவுடன் பொறுப்பதிகாரிக்குக் கடிதம் எழுதுவோம். கடிதம் மூன்று மொழியிலும் இருக்கும், கையெழுத்தும் மூன்று சமூகத்தினுடையதாக இருக்கும்.