கத்தோலிக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா?

புலம்பெயர்ந்த கத்தோலிக்கத் தமிழ்ப் பெற்றோர் பலர், ஞாயிறு திருப்பலியோடு தம் கடமை நிறைவுற்றதாகக் கருதுகின்றனர். ஈழத்து வரலாறு கூறுவதோ வேறு.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றி வழிபாட்டையும் தடைசெய்தனர். 1687இல் யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடுவீடாகச் சென்ற அவர், இன்னும் விசுவாசம் காத்து வாழ்ந்த குடும்பங்களைக் கண்டார். ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவ்விசுவாசத்தைக் காத்தவை ஆலயங்கள் அல்ல, இல்லங்களே. அடிகளாரை 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்தார்.

இன்று புலத்தில் தடையேதும் இல்லை. ஆனால், மாலையில் குடும்பமாகச் செபிக்கும் வழக்கம் அருகிவருகிறது. பொருள் விளங்காது ஒப்புவிக்கும் செபமும் இளையோரைக் கட்டி நிறுத்தாது. அவர்கள் "ஏன்?" என வினவும்போது அதட்டாது விளக்குதல் பெற்றோர் கடன்.

செபத்தினும் மேலாகப் பிள்ளைகள் கவனிப்பது பெற்றோரின் நடத்தையையே. கத்தோலிக்கம் என்பதன் பொருளே ‘அனைவருக்கும் பொதுவானது’ என்பதாகும். ஒரே நற்கருணையைப் பகிர்ந்துண்டு வீடு திரும்பியபின், திருமணப் பேச்சில் சாதியை விசாரிக்கும் இல்லத்தில் பிள்ளை எதனை நம்பும்?

இளையோர் ஆலயத்தை விட்டு விலகுவதாக வருந்துவோர், முதலில் தம் இல்லத்தைச் சீர்செய்யட்டும்.