கொடுப்பது நாம், காப்பது யார்?

புலம்பெயர்ந்து வாழும் எம் தமிழ் மக்களிடம் ஈகைக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்ற செய்தி எட்டினால் மாலைக்குள் பணம் சேர்ந்துவிடுகிறது. இங்கு பிரித்தானியாவில் எமது பிள்ளைகள் ஓடியும், நடந்தும், தலைமுடியை மழித்தும் புற்றுநோய் அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டுகின்றனர். இவையெல்லாம் போற்றுதற்குரியவை. ஆயினும், கொடுத்த பணத்தை யாருடைய பொறுப்பில் ஒப்படைத்தோம் என்ற வினாவை எம்மில் எத்தனை பேர் எழுப்புகிறோம்?

அப்பொறுப்பை ஏற்பவர்களே அறங்காவலர்கள். ஊர்க் கோவிலின் தர்மகர்த்தா என்றால் எமக்கு எளிதில் விளங்கும். கோவில் சொத்து அவருடையதன்று; ஆனால் அச்சொத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவரே. இங்கிலாந்திலும் வேல்சிலும் அறக்கட்டளைகளின் அறங்காவலர்களுடைய நிலையும் அத்தகையதே. பொதுவாக அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணச் செலவு போன்றவற்றை மட்டுமே பெறலாம். எடுக்கும் முடிவுகளுக்கு அனைவரும் கூட்டாகப் பொறுப்பேற்க வேண்டும். 'எனக்குத் தெரியாது, பொருளாளர்தான் பார்த்தார்' என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ள இயலாது.

கான்சர் ரிசேர்ச் யூ.கே. என்னும் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நீண்ட பழமை கொண்ட இரு புற்றுநோய் ஆய்வு அமைப்புகள் 2002ஆம் ஆண்டில் ஒன்றிணைந்ததால் உருவானது இது. மக்கள் தரும் சிறு தொகைகளும், உயிலில் எழுதிவைக்கும் கொடைகளுமே இதன் பெருந்தூண்கள். விஞ்ஞானிகளும் பணியாளர்களும் அன்றாட வேலையைச் செய்கின்றனர். சம்பளம் பெறும் தலைமை நிர்வாகி அதனை நடத்துகிறார். அவருக்கும் மேலே, சம்பளம் பெறாத ஒரு சிறு குழுவினர் அறங்காவலர்களாக அமர்ந்திருக்கின்றனர். தலைமை நிர்வாகியை நியமிப்பதும், அவரிடம் கேள்வி கேட்பதும், தேவையெனில் அவரை மாற்றுவதும் அவர்களுடைய கடமை.

இவர்கள் முன் வரும் வினாக்கள் எளியவை அல்ல. இன்று படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு உதவுவதா, பதினைந்து ஆண்டுகளின் பின்னரே பயன் தரக்கூடிய ஆய்வுக்குக் கொடுப்பதா? எவ்வளவு பணத்தைச் சேமிப்பில் வைப்பது? அறங்காவலராக உள்ள ஒரு பேராசிரியரின் ஆய்வுகூடமே நிதி கேட்டு விண்ணப்பித்தால் என்ன செய்வது? 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்றினால் கடைகள் மூடப்பட்டு, ஓட்ட நிகழ்வுகளும் நின்றபோது, இந்நிறுவனம் ஆய்வு நிதியையே குறைக்க வேண்டியதாயிற்று. அத்தகைய வேளைகளில் இறுதிப் பொறுப்பு அறங்காவலர்களையே சார்கிறது.

இக்காவல் இல்லாதுபோனால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்றுண்டு. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில், அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழுவும் 50 மாநிலங்களும் இணைந்து, புற்றுநோயாளருக்கு உதவுவதாகக் கூறிய நான்கு அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தன. 2008 முதல் 2012 வரை இவை மக்களிடம் திரட்டிய தொகை 187 மில்லியன் டொலருக்கும் அதிகம் என்று அவ்வழக்கில் கூறப்பட்டது. நிதி திரட்டிக் கொடுத்த வணிக முகவர்கள் பல வேளைகளில் ஒவ்வொரு நன்கொடையிலும் 85 விழுக்காட்டையோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டனர். எஞ்சியதிலும் பெரும்பகுதி, நடத்தியவர்களுக்கும் அவர்தம் உறவினர், நண்பர்களுக்கும் சம்பளமாகவும், வாகனங்களாகவும், கல்லூரிக் கட்டணமாகவும் போயிற்று. நோயாளரைச் சென்றடைந்தது மிகச் சிறு பங்கே. அடுத்த ஆண்டளவில் வழக்கு முடிவுக்கு வந்து, அவ்வமைப்புகளைக் கலைக்கும் நிலை ஏற்பட்டது. ஆனால் போன பணம் போனதுதான்!

அங்கு நிர்வாக சபை என்று ஒன்று இல்லாமலில்லை. தட்டிக் கேட்கும் நிர்வாக சபைதான் இருக்கவில்லை. சொந்தமும் நட்பும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் இடத்தில் கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

மென்பொருள் துறையில் பணிபுரிவோர்க்கு ஒரு விதி நன்கு தெரியும். நிரலை எழுதியவரே அதனைச் சோதித்து, அவரே ஒப்புதல் வழங்கி, அவரே பாவனைக்கு விடக்கூடாது. இவ்விதி எழுதியவர் நேர்மையற்றவர் என்ற ஐயத்தினால் வந்ததன்று. எவ்வளவு திறமைசாலியாயினும் தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதனால் வந்தது. அறக்கட்டளைக்கும் இது முற்றிலும் பொருந்தும். பணத்தைச் செலவிடுபவர் ஒருவர், கணக்கை எழுதுபவர் வேறொருவர், இருவரையும் கேள்வி கேட்பவர் இன்னொருவர் என்றிருத்தல் வேண்டும்.

இனி எம் பக்கம் திரும்புவோம். எமது சங்கங்கள், பழைய மாணவர் அமைப்புகள், மருத்துவ உதவி நிதியங்கள் பலவற்றில், தொடங்கியவரே பல்லாண்டுகளாகத் தலைவராக இருப்பதைக் காண்கிறோம். அவருடைய மைத்துனர் பொருளாளராக இருப்பார். 'நல்ல மனிதர், அவரைப் போய்க் கணக்குக் கேட்பதா?' என்று நாம் வாயை மூடிக்கொள்கிறோம். கணக்குக் கேட்பது அவமதிப்பாகாது. நல்ல மனிதரின் நற்பெயரைக் காப்பதே கணக்குத்தான். ஒருவரை ஆராய்ந்த பின்னரே நம்ப வேண்டும் என்பதற்காக வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்திருப்பதை நாம் மறந்துவிடலாகாது.

புற்றுநோய்ப் பணியில் எம்மினத்திற்கு முன்மாதிரிகள் இல்லாமலும் இல்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, பெண்கள் அமைப்பொன்றின் துணையுடன் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் தொடக்கினார். அப்போது அங்கிருந்தவை 12 படுக்கைகளே. 1955இல் அங்கு பணியேற்ற மருத்துவர் வி. சாந்தா, 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அந்நிலையத்திற்காகவே வாழ்ந்தார். ஈழத்திலும், 2011ஆம் ஆண்டில் தெற்கு முனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. பிறர் பணத்தைப் பிறர் பணமாகவே கருதியதனால் விளைந்தவை இவை.

பெற்றோரே, நன்கொடைப் படிவத்தில் ஒப்பமிடுமுன் சில நிமிடங்களைச் செலவிடுங்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் பதிவுபெற்ற அறக்கட்டளைகளின் அறங்காவலர் பெயர்களும் நிதி விபரங்களும் அறக்கொடை ஆணைக்குழுவின் பதிவேட்டில் உள்ளன. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். அறங்காவலர்கள் யார்? ஒரே குடும்பத்தினரா? கணக்கு உரிய காலத்தில் சமர்ப்பிக்கப்பட்டதா? நிதி திரட்டுவதற்கே எவ்வளவு செலவாகிறது? இவற்றைப் பிள்ளைகளையும் அருகில் இருத்திப் பாருங்கள். கொடுக்கப் பழக்கிய நாம், கேட்கவும் பழக்க வேண்டும்.

இளையோரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்நாட்டின் அறங்காவலர்களைப் பற்றி 2017ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவர்களில் 92 விழுக்காட்டினர் வெள்ளையினத்தவர் என்றும், சராசரி வயது 61 என்றும் கண்டறிந்தது. 'புற்றுநோய்' என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கி, 'அந்த வருத்தம்' என்று தாழ்ந்த குரலில் பேசும் எம் வீட்டுப் பெரியோரின் மனநிலையை அந்த மேசையில் யார் எடுத்துரைப்பார்? பரிசோதனைக்கு வரச்சொல்லும் கடிதம் ஆங்கிலம் அறியாத அம்மம்மாவுக்கு விளங்குமா என்று யார் கேட்பார்? அங்கு அமர்ந்திருப்பவர்கள் தீயவர்கள் அல்லர். அவர்கள் எம் வீட்டை அறியாதவர்கள், அவ்வளவே.

சட்டம் உங்களுக்கு வழிவிட்டிருக்கிறது. நிறுவன வடிவில் பதிவான அறக்கட்டளைகளில் 16 வயதிலும், ஏனையவற்றில் 18 வயதிலும் ஒருவர் அறங்காவலராகலாம். உள்ளூர் நோயாளர் பராமரிப்பு இல்லங்களும் சிறு புற்றுநோய் உதவி அமைப்புகளும் கணக்கியல், கணினி, சட்டம் அறிந்தோரை நாடுவது வழக்கம். அவ்வறிவு எம் இளையோரிடம் நிறைந்திருக்கிறது. ஆண்டுக்குச் சில கூட்டங்கள், அவற்றுக்கு முன் ஊன்றிப் படிக்க வேண்டிய கணக்குகள், சங்கடமான கேள்வியைக் கேட்கும் துணிவு ஆகியனவே தேவை.

பணம் கொடுப்பதோடு எம் கடமை முடிந்துவிடுவதில்லை. நோயாளியின் பெயரால் திரட்டப்பட்ட ஒவ்வொரு பவுணும் நோயாளிக்காகவே செலவாகிறதா என்று பார்த்திருப்பதும் அறமே. அக்காவல் மேசையில் எமக்குரிய இருக்கையை நாமே சென்று கேட்போம். கேட்டுப் பெற்றபின், அதில் விழித்திருப்போம்!