வேலி இல்லாத யந்திரக் கை

2015ம் ஆண்டு ஆகஸ்டில், ஹரியானா மாநிலம் மானேசரில், மோட்டார் உதிரி பாகத் தொழிற்சாலையொன்றில் தகடு ஒன்றைச் சரிப்படுத்தப் போன இளம் தொழிலாளியை வெல்டிங் ரோபோ குத்திக் கொன்றது. அதே ஆண்டில் ஜெர்மனியின் கார் தொழிற்சாலையொன்றில், யந்திரக் கையை நிறுவிக்கொண்டிருந்த இளைஞர் நசுங்கி மாண்டார். உற்பத்தி தொடங்கு முன்பே, நிறுவும்போதே சாவு!

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. பெரிய கார் கம்பெனிகள் மாடல் மாற்றும்போது கழித்துத் தள்ளும் யந்திரக் கைகள் கைமாறிச் சிறு பட்டறைகளுக்கு வருகின்றன. விலை மலிவு; முதலாளிக்கு இனிக்கிறது. ஆனால் வருவது என்ன? கை வருகிறது, கண்ட்ரோல் பெட்டி வருகிறது. சுற்றி நின்ற கம்பிவேலி வருவதில்லை. வேலிக் கதவைத் திறந்ததும் யந்திரத்தை நிறுத்தும் சுவிட்சும் வருவதில்லை. அந்தச் சுவிட்சுக்குரிய ஒயர் முனைகள் சேராவிட்டால் யந்திரம் அசையாது. உடனே யாரோ ஒரு துண்டுக் கம்பியால் இரண்டையும் இணைத்து விடுகிறார். யந்திரம் ஓடுகிறது, காவல் போயிற்று.

கிடங்கில் கிடந்த காலத்தில் பாட்டரி தீர்ந்திருந்தால், தன் மூட்டுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதே கைக்குத் தெரியாது. மறுபடி அளவு பிடிக்காமல் ஓட்டினால் எதிர்பாராத பக்கம் பாயும். பிரேக் தேய்ந்திருந்தால் கரண்ட் நின்றதும் கை கீழே விழும். தரையில் போல்ட்டுகளால் இறுக்கிப் பிணைக்காவிட்டால், வேகமாகத் திரும்பும்போது அடியோடு சாயும்.

யந்திரத்தைப் பழக்கும் தொழிலாளி கையில் பிடிக்கும் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. பாதி அழுத்தினால்தான் கை அசையும். விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கினாலும் நிற்கும். மனிதனை அறிந்தவன் செய்த வேலை அது! பழக்கும்போது வேகம் விநாடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாதென்பது சர்வதேச நியதி. நேரம் வீணாகிறதென்று அந்தச் சுவிட்சை டேப் போட்டுக் கட்டச் சொல்லும் மேஸ்திரி கொலைக்குத் துணை போகிறார்.

யந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. வெல்டிங் புகையையும் தீப்பொறியையும் அது தாங்கிக்கொள்ளட்டும். ஆனால் சர்க்கார் என்ன செய்திருக்கிறது? கரண்டில் ஓடும் பட்டறையில் 10 பேர் இருந்தாலே அது தொழிற்சாலை என்றது 1948ம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21ல் மத்திய சர்க்கார் அமுலாக்கிய சட்டத் தொகுப்போ அதை 20 பேராக உயர்த்திவிட்டது. பழைய யந்திரக் கை போய்ச் சேருவது இந்த 12 பேர், 15 பேர் பட்டறைகளுக்கல்லவா?

இந்த வரம்பை நீக்க வேண்டும். வேலி, கதவுச் சுவிட்ச், பிரேக் ஆகியவற்றை இன்ஸ்பெக்டர் நேரில் சோதித்துக் கையெழுத்திடும் வரை எந்தப் பழைய யந்திரக் கைக்கும் கரண்ட் கொடுக்கக் கூடாது. வேலிக்குள் ரிப்பேருக்குப் போகும் தொழிலாளி மெயின் சுவிட்சைத் தன் பூட்டால் பூட்டிச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் எழுத வேண்டும். அதுவரை, வேலி இல்லாத யந்திரத்தின் அருகே போக மறுக்கும் தொழிலாளி பக்கம் சங்கம் நிற்க வேண்டும்.