வண்டியும் வழியும்: ஏறவும் இறங்கவும் ஒரு பெட்டி

ஷில்லாங்குக்கு அருகே குடும்பத்துடன் வாழும் அன்பர் ஒருவர் இம்மாதம் ஒரு வினா விடுத்துள்ளார். அவரிடம் பழைய மாருதி ஜிப்சி கிங் வண்டி ஒன்று உள்ளது. நெடுஞ்சாலையினின்று பிரிந்து அவர் இல்லத்துக்குச் செல்லும் வழி கல்லும் சேறும் நிறைந்த செங்குத்தான பாதை. அப்பாதைக்கு உகந்தவை என்று கருதி 235/75-15 அளவுள்ள பெரிய டயர்களை மாட்டினார். அது முதல் ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. இறக்கத்தில் பிரேக்கினின்று காலை எடுத்தால் விரைகிறது. முதிய தாயையும் பள்ளிச் சிறுவரையும் ஏற்றிக்கொண்டு நாள்தோறும் அவ்வழியே வந்து போக வேண்டியவர் அவர். டிரான்ஸ்பர் கேஸில் 4.16 விகிதமுள்ள அயல்நாட்டுக் கியர்த் தொகுதியைப் பொருத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் பட்டறைக்காரர். அதற்காகும் பணமோ மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்தது. செய்யலாமா, கூடாதா என்று கேட்கிறார்.

விடை கூறுமுன் அப்பெட்டி என்ன தொழில் செய்கிறது என்று பார்ப்போம். எஞ்சினின் சுழற்சி முதலில் கியர்ப் பெட்டிக்கும், அங்கிருந்து டிரான்ஸ்பர் கேஸுக்கும் வருகிறது. டிரான்ஸ்பர் கேஸுக்குத் தொழில் இரண்டு. சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பகிர்ந்தளிப்பது ஒன்று. வேண்டும்போது சுழற்சியின் வேகத்தைக் குறைத்து, அதன் முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுப்பது மற்றொன்று. ஜிப்சியில் இது கியர்ப் பெட்டியோடு ஒட்டாமல், சட்டத்தில் ரப்பர்த் தாங்கிகளின் மீது தனியே அமைந்த பெட்டி. ஜிப்சி கிங்கில் இதன் உயர்நிலை விகிதம் 1.409, தாழ்நிலை விகிதம் 2.268.

ஈண்டு ஒன்றை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பற்சக்கரம் எதுவும் புதிய ஆற்றலைப் படைப்பதில்லை. வேகத்தை வாங்கிக்கொண்டு விசையைத் தருகிறது, அவ்வளவே. ரயில்வேயில் எழுத்தராகக் காலந்தள்ளும் எனக்கு இதற்கு உவமை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவாகும் டபிள்யூ.ஏ.ஜி-9 சரக்கு வண்டிகளை இழுக்கும் மின் எஞ்சின். அதன் பற்சக்கர விகிதத்தை மாற்றியமைத்துப் பிரயாணிகள் வண்டிக்கென ஆக்கியதே டபிள்யூ.ஏ.பி-7. முன்னதன் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர், பின்னதற்கு 140. உடன்பிறந்த இரு எஞ்சின்களுள் ஒன்று சுமைக்கும் மற்றொன்று வேகத்துக்கும் பிரிந்து போனது பல் எண்ணிக்கையின் வேறுபாட்டால்தான்.

ஜீப்பின் வரலாறும் இதையே சொல்லும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸில் தாழ்நிலை விகிதம் 1.97. போர் முடிந்த 1945இல் உழவர்க்கென அந்நிறுவனம் சி.ஜே-2ஏ என்ற மாதிரியை வெளியிட்டபோது அதை 2.43 ஆக்கியது, அச்சின் விகிதத்தையும் 4.88இலிருந்து 5.38க்கு உயர்த்தியது. போர்க்களத்தில் விரைய வேண்டிய வண்டி வயலில் கலப்பையை இழுத்து மெல்ல ஊர வேண்டியதாயிற்று. ஆகவே தாழ்நிலையை மேலும் தாழ்த்துவது பட்டறைக்காரரின் புதுமையன்று; செய்தோரே செய்த திருத்தம். எவ்வளவு தாழ்த்துவது என்பதுதான் கேள்வி.

இனிக் கணக்குக்கு வருவோம். ஜிப்சி கிங்கின் முதல் கியர் 3.652. அதைத் தாழ்நிலையின் 2.268ஆல் பெருக்கினால் 8.28 வரும். அச்சின் விகிதம் நான்குக்குச் சற்றே குறைவு. அதனாலும் பெருக்கினால் ஏறத்தாழ 32. அஃதாவது, எஞ்சின் 32 சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும். ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றுச் சுற்றுவதாகக் கொண்டால், சக்கரம் 25 சுற்றுச் சுற்றும். வண்டியுடன் வந்த 205/70-15 டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே வண்டி மணிக்கு 3.15 கிலோமீட்டர் வேகத்தில், கைக்குழந்தையை ஏந்தியவர் நடக்கும் நடையில் ஊரும்.

அன்பர் மாட்டிய டயரின் சுற்றளவோ 2.3 மீட்டர்; பழையதைவிட ஏறத்தாழ நூற்றுக்கு 10 பங்கு மிகுதி. சக்கரம் பெரிதானால் எஞ்சின் தள்ள வேண்டிய நெம்பும் நீள்கிறது. எனவே எல்லாக் கியர்களிலும் விசை பத்தில் ஒரு பங்களவு குறைந்தது. வேகம் அதே அளவு கூடிற்று. ஏற்றத்தில் திணறுவதற்கும் இறக்கத்தில் ஓடுவதற்கும் காரணம் ஒன்றே. அவர் இழந்தது பத்தில் ஒரு பங்கு. பட்டறைக்காரர் விற்க முன்வருவதோ நூற்றுக்கு 83 பங்கு மிகுதியான விசை. இழந்ததற்கும் வாங்குவதற்கும் உள்ள இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இழந்ததை மட்டும் மீட்பதற்கு உள்நாட்டிலேயே வழி உண்டு. 1985இல் வெளிவந்த முதல் ஜிப்சி 970 சி.சி. எஞ்சின் கொண்டது. சிறிய எஞ்சின் ஆதலால் அந்த 410 மாதிரியின் டிரான்ஸ்பர் கேஸில் உயர்நிலை 1.580 எனவும் தாழ்நிலை 2.511 எனவும் அமைத்திருந்தார்கள். அதை ஜிப்சி கிங்கில் பொருத்தினால் உயர்நிலையில் நூற்றுக்கு 12, தாழ்நிலையில் 11 பங்கு விசை கூடும். டயர் பறித்துக்கொண்டதை இது ஏறக்குறைய அப்படியே திருப்பித் தரும். முற்கூறிய கணக்கின்படி முதல் கியரில் வண்டி மீண்டும் 3.1 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்துவிடும். ஜிப்சியின் உற்பத்தி 2019ஆம் ஆண்டளவில் நின்றுவிட்டமையால், இப்பெட்டியைப் பழைய உதிரிப்பொருள் விற்போரிடம் தேட வேண்டியிருக்கும்.

தேடும்போது வாய்ச்சொல்லை நம்ப வேண்டா. பெட்டியைத் தாழ்நிலையில் வைத்து, உட்செல்லும் தண்டிலும் வெளிவரும் தண்டிலும் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு கோடு இடுக. உட்தண்டைக் கையால் சுழற்றி, வெளித்தண்டு 10 சுற்று முடிக்கும்வரை எண்ணுக. 25 சுற்று வந்தால் அது 410இன் பெட்டி. 23க்குச் சற்றுக் குறைந்தால் அது கிங்கின் பெட்டியே, வாங்கிப் பயனில்லை. இணைப்புத் தட்டுகளும் வேகமானித் தொடர்பும் தம் வண்டிக்குப் பொருந்துமா என்பதையும் பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்க.

அப்படியானால் 4.16 தொகுதி வீண் பொருளா எனின், அன்று. அதனைப் பூட்டினால் எஞ்சின் 59 சுற்றுக்கே சக்கரம் ஒரு முறை சுற்றும். பழைய டயரில் வண்டி மணிக்கு 1.7 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். பாறை மேல் பாறையாக ஏறுவோர்க்கு அது வரம். ஆனால் பெருகிய விசை எங்கோ சென்று தாக்கும். ரப்பர்த் தாங்கிகள் கிழியலாம். முன் அச்சின் மூட்டுகள் முறியலாம். பின் அச்சுத் தண்டு திருகலாம். 2003இல் ஜீப் ராங்ளர் ரூபிகான் வண்டியில் 4.0 விகிதம் அமைத்தபோது, செய்த நிறுவனமே முன்னும் பின்னும் வலிய அச்சுகளைச் சேர்த்து அமைத்தது. சங்கிலியில் ஒரு வளையத்தை மட்டும் பருமனாக்கினால் அடுத்த வளையம் அறுபடும். அயல்நாட்டுத் தொகுதியின் விலை அதனோடு முடிவதில்லை.

எந்தப் பெட்டிக்கும் பணம் எடுத்து வைக்குமுன் செலவில்லாத சோதனைகள் சில உள. முன் சக்கர ஹப்புகள் உண்மையில் பூட்டியுள்ளனவா? கிளட்ச் வழுக்குகிறதா? பிரேக்குகள் நான்கும் ஒரே சீராகப் பிடிக்கின்றனவா? டிரான்ஸ்பர் கேஸில் எண்ணெய் உரிய அளவு உள்ளதா? ஏற்றத்தின் அடியிலேயே வண்டியை நிறுத்தித் தாழ்நிலைக்கு மாற்றுகிறீர்களா, அன்றிப் பாதி வழியில் திணறிய பின்னரா? பெரிய டயர் மாட்டிய வண்டியில் வேகமானி 50 என்று காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 55 என்பதையும் மறத்தலாகாது.

உயிரைக் காக்கும் விதிகள் இரண்டு. நீண்ட இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது எஞ்சின். பிரேக் அதற்குத் துணை மட்டுமே. ஓயாது மிதித்த பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஆதலால் தாழ்நிலையில் முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்குக. இடையில் கிளட்சை மிதியாதீர். மற்றொன்று: டிரான்ஸ்பர் கேஸின் கோல் நடுநிலையில் இருக்குமாயின், கியரில் போட்டு நிறுத்திய வண்டியும் உருண்டோடும். கைப்பிரேக் இட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்த பின்னரே குழந்தைகளை உள்ளே விட்டு விலகலாம். ஜிப்சியில் நடு டிபரன்ஷியல் இல்லாமையால், காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர ஓட்டத்தைப் பூட்டி ஓட்டுவதும் ஆகாது.

சட்டத்தையும் நோக்குவோம். தயாரிப்பாளர் குறித்ததற்கும் பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கும் முரணாக வண்டியை மாற்றியமைப்பதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியுள்ளது. ஆகவே எதை மாற்றினாலும் முன்னதாகப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டு, விடையை எழுத்து மூலம் பெறுதல் நன்று.

அன்பருக்கு என் கருத்து இது: முதலில் சோதனைகளைச் செய்க. அவற்றில் குறையில்லையேல், பழைய அளவு டயருக்கே திரும்புவது செலவு குறைந்த வழி. பாதையின் கற்களுக்குப் பெரிய டயர் இன்றியமையாதது எனில், 410இன் பெட்டியைத் தேடுக. 4.16 தொகுதி அவர் வழிக்கு வேண்டுவதன்று. மகளின் கட்டணம் கல்லூரிக்கே செல்லட்டும்.

இப்பகுதிக்கு வினா விடுப்போர் வண்டியின் மாதிரி, ஆண்டு, டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள எண், நாள்தோறும் ஏறும் வழியின் தன்மை ஆகிய நான்கையும் எழுதுவார்களாயின், விடையைக் கணக்குடன் தர இயலும்.