கருவியும் கவிஞனும்

நம் கல்லூரியிற் கணினி பயிலும் மாணவரை எதிர்காலம் பற்றி வினவினால், பெரும்பாலோர் ஊதியத்தையே முதலிற் கூறுவர். அதனைக் குறைகூறேன், குடும்பம் தாங்கவேண்டியவர்க்குப் பொருள் இன்றியமையாதது. ஆயினும் எழுதுவோர்க்குக் கருவி செய்து கொடுப்பதும் ஒரு மென்பொருள் வல்லுநன் தன் வாழ்நாளைத் தரத்தக்க தொழிலே என்பது எனது துணிபு.

மலேசியரான முத்து நெடுமாறன் அத்தகையவர். (முத்துக்குளித்துறையினர்க்கு அப்பெயரே தனியின்பம் தரும்.) தந்தையார் முரசு நெடுமாறன் கவிஞர், மலேசியத் தமிழ்க் கவிதைகளை அரிதின் திரட்டிக் களஞ்சியமாக்கியவர். மகனாரோ பொறியாளர், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்னும் பெருநிறுவனத்திற் பணிபுரிந்தவர். 1985ஆம் ஆண்டிலேயே தமிழைக் கணினியில் ஏற்றும் முயற்சியைத் தொடங்கினார். அம்முயற்சி முரசு அஞ்சல் என்னும் மென்பொருளாயிற்று. 2005இல் கைப்பேசிக்குச் செல்லினம் வந்தது. ஆப்பிள் கணினிகளில் இடம்பெற்ற இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்ததே. கவிஞர் இல்லத்திற் பிறந்தவர் எழுத்தின் வளைவையும் சுழியையும் பொருட்படுத்தியதில் வியப்பில்லை.

இத்தொண்டிற்கு நம் கரையிலும் முன்னோடி உண்டு. அண்டிரிக் பாதிரியார் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டபோது, கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்த தமிழெழுத்துக்களைப் பயன்படுத்தினார். தமிழச்சுக்கு வேண்டிய பொருளை இக்கரைப் பரதவரே மனமுவந்து ஈந்தனர். கடலில் மூழ்கி ஈட்டிய பணம் எழுத்தாயிற்று! 1600இல் மறைந்த அப்பெரியார் நம் தூத்துக்குடியிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

நிற்க. கருவிக்காக மொழி வளைவதா, மொழிக்காகக் கருவி வளைவதா? 1978இல் தமிழக அரசு ணை, லை முதலிய எழுத்துக்களின் பழைய வடிவை மாற்றியபொழுது, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பதும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அம்மாற்றத்திற்காக யான் வருந்தவில்லை. கற்போர்க்கு அது நலமே செய்தது. ஆனால் உகர ஊகார உயிர்மெய்களையும் மாற்றல் வேண்டுமெனப் பின்னரும் வாதிட்டனரே, அவர்கள் பொறியைச் சான்றுக்கு அழைத்தல் இனிச் செல்லாது. பழைய வடிவு, புதிய வடிவு இரண்டனையும் கணினி ஒருங்கே தாங்கவல்லது.

இன்றைய குறை வேறு. கைப்பேசியில் எழுதுவோர்க்குச் சொல் எடுத்துக்கொடுக்கும் நிரல்கள், பெரிதும் செய்தித்தாள் நடையிலிருந்து தமிழ் கற்றவை. கச்சான், சோழகம் என்று காற்றின் பெயரை எழுதும் இளைஞனுக்கு அவை துணை நிற்பதில்லை. வேறொரு சொல்லை நீட்டுகின்றன. அவன் இருமுறை திருத்துவான். மூன்றாம் முறை வெறுங் 'காற்று' என்றே எழுதிவிடுவான். கதையொன்று அவ்விடத்திலேயே வறுமையுறுகிறது. தூத்துக்குடியிற் பெருங்குளிப்பு 1961உடன் நின்றது. முத்துச்சிப்பி விளையும் கடலடித் திட்டைப் 'பார்' என்று வழங்கிய முதியோரும் அருகி வருகின்றனர்.

கணினித்துறை மாணவர் இருவரும் தமிழ்த்துறை மாணவர் இருவரும் வரும் விடுமுறையிற் புன்னைக்காயலுக்கும் மணப்பாட்டிற்கும் செல்லட்டும். மீனவர் வாய்ச்சொற்களைப் பொருளுடன் தொகுத்து, கைப்பேசி நிரல்கள் ஏற்கத்தக்க சொற்பட்டியாக ஆக்கி, எவரும் விலையின்றி எடுத்தாள வெளியிடட்டும். ஐந்நூறு சொற்கள் கிடைப்பினும் தொடங்குவதற்கு அவை போதும்.