தராசில் ஏறாத பொருள்

பாத்திரக் கடைக்குள் நுழைகிறவர்களின் கைகளைக் கவனித்தால், ஒரு பழைய வழக்கம் அங்கே இன்னும் உயிரோடு இருப்பது தெரியும். எதை எடுத்தாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்க்கிறார்கள். தியாகராய நகர்க் கடையொன்றில் அண்மையில் ஒரு தாயும் மகளும் இரண்டு டம்ளர்களை அப்படித்தான் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் சூடு ஆறாமல், குளிர்ச்சி குறையாமல் காக்கும் இரட்டைச் சுவர் டம்ளர்கள். ஒன்று 400 ரூபாய்க்குச் சற்று மேல். மற்றொன்று, வெளிநாட்டுப் பெயர் தாங்கியது, 4,000 ரூபாயை ஒட்டி. “ரெண்டும் ஒரே கனம்தானேம்மா இருக்கு” என்றார் தாய். மகளிடம் அதற்குப் பதில் இல்லை.

நம் வீடுகளுக்குப் பாத்திரம் எடை போட்டுத்தான் வந்தது. பித்தளைக் குடமும் செப்புத் தவலையும் வெண்கலப் பானையும் தராசில் ஏறி இறங்கிய பிறகே விலை பேசப்பட்டன. நசுங்கியதையும் தேய்ந்ததையும் கொண்டுபோய்ப் போட்டு, எடைக்கு உரியதைக் கழித்துக்கொண்டு புதிதாக வாங்கலாம். கையில் காசு இல்லாத மாதத்தில் அண்டா அடகுக் கடைக்குப் போய், அறுவடை முடிந்ததும் திரும்பி வரும். தரத்தை அறியக் கையும் காதும் போதும். கனத்தைக் கை சொல்லும், தட்டினால் எழும் நாதத்தைக் கொண்டு வெண்கலத்தைக் காது சொல்லும். விலை முடிந்ததும் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான்: “என்ன பேர் வெட்டணும்?” மணப்பெண்ணின் பெயர், முன்னால் தந்தையின் முதலெழுத்து, சிலவற்றில் திருமண நாள். செய்தவரின் பெயர் பெரும்பாலும் எங்கும் இருக்காது. கீழடியிலும் கொடுமணலிலும் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன; ஆதன் என்றும் குவிரன் என்றும் நாம் இன்று வாசிக்கும் அந்தப் பெயர்களை, பானைக்கு உடையவர்களின் பெயர்கள் என்றே அறிஞர் பலர் கொள்கிறார்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் பானை அடுத்தவர் வீட்டில் கலந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். என் பாட்டியும் அதையேதான் நினைத்தாள்.

இந்த மரபை வெறும் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. குடிக்கும் கலம் இந்த மண்ணில் எப்போதும் ஆளின் தரத்தைச் சொல்லும் கருவியாகவும் இருந்தது. வெள்ளி டம்ளர் யாருக்கு, பித்தளை லோட்டா யாருக்கு என்பது வீட்டுக்குள் எழுதாத சட்டம். தேநீர்க் கடைகளில் அது சாதியின் பெயரால் இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. சிலருக்குத் தனிக் குவளை, சிலருக்குச் சிரட்டை. குடித்தவரே கழுவிக் கவிழ்த்துவைத்த அந்தக் குவளைகளின் நினைவு, அழகிய குவளையைப் பற்றிப் பேசும் எந்தத் தமிழருக்கும் கூடவே வரவேண்டும். பிறகு எவர்சில்வர் வந்தது. தொடக்கத்தில் அதுவும் வசதியானவர்களின் பொருள்தான். சீர்வரிசையில் எவர்சில்வர் எத்தனை என்று எண்ணிப் பார்த்த காலம் உண்டு. சரிகைச் சேலையைக் கொடுத்து எவர்சில்வர் தூக்குவாளி வாங்கிய பெண்கள் அன்று தெருத்தெருவாக இருந்தார்கள். 1980களில் சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் தகடு தரத் தொடங்கியபின் அந்த மினுக்கம் எல்லோர் வீட்டுக்கும் இறங்கி வந்தது. பித்தளை பரணுக்கு ஏறியது. இன்று அதே பித்தளை டபரா, உணவகங்களில் கூடுதல் விலைக் காபியோடு திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் அந்தத் தாய் கையில் ஏந்தியிருந்த டம்ளர் இந்த வரிசையில் சேராத ஒன்று. அதில் நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டு சுவர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தை. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜேம்ஸ் டியூவர் 1892இல் அந்த வெற்றிடத்தைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்தபோது அவர் மனத்தில் காபியும் இல்லை, தேநீரும் இல்லை. திரவமாக்கிய வாயுக்கள் கொதித்து ஆவியாகிவிடாமல் காக்க ஒரு கலம் வேண்டியிருந்தது. வெப்பம் கைமாற நடுவில் ஒரு பொருள் வேண்டும். காற்றையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் அதற்குப் பாலம் இல்லை. கதிராகப் பாய்வதைத் தடுக்க வெள்ளிப் பூச்சு. டியூவர் காப்புரிமை பெறவில்லை. பெர்லினைச் சேர்ந்த ரைன்ஹோல்ட் பர்கர் அதை வீட்டுப் பொருளாக்கினார். 1904இல் தெர்மாஸ் என்ற பெயர் பிறந்தது. அந்தப் பெயர் நம் ஊருக்கு வந்தபோது நோயோடும் பேறுகாலத்தோடும் சேர்ந்தே வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் பிளாஸ்க்கோடு நிற்கும் மாமாவோ சித்தப்பாவோ இல்லாத குடும்பம் உண்டா? உள்ளே இருக்கும் கண்ணாடி உடைந்தால் கடையில் அதை மட்டும் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்பது அந்த பிளாஸ்க்கின் பெருங்குணம்.

1913இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி முழுக்க எஃகாலான குடுவையைச் செய்தார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி துருப்பிடிக்காத எஃகைக் கண்டதும் அதே ஆண்டுதான். தொழிலாளிகள் மதிய உணவோடு தூக்கிப்போன அந்தக் குடுவையின் பெயர், நூறு ஆண்டு கழித்து உறிஞ்சுகுழல் வைத்த ஒரு பெரிய டம்ளரின் மீது ஏறியது. 2024 ஜனவரியில் அதை வாங்க அமெரிக்கக் கடை வாசல்களில் பொழுது விடியுமுன் வரிசை நின்றது. எடை பேசாத இடத்தில் பெயர் பேசுகிறது. அது உடையவர் பெயரும் இல்லை, விற்பவர் பெயர். பெயர் எதுவானாலும், உலகின் வெற்றிடக் குடுவைகளில் பெரும்பங்கு சீனாவிலிருந்துதான் வருகிறது; அதில் யோங்காங் நகரத்துப் பட்டறைகளுக்குப் பெரிய இடம் உண்டு.

அப்படியானால் விலை வேறுபாடு வெறும் மாயையா? முழுவதும் அப்படியில்லை. உட்சுவர் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் கொண்ட எஃகா, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த மலிவு எஃகா என்பது காலப்போக்கில் தெரியும்; காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய சோதனை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. சூடு பெரும்பாலும் வெளியேறுவது மூடி வழியாக. மூடியின் அமைப்பிலும், அதன் ரப்பர் வளையம் தேய்ந்தால் மாற்றுவளையம் கிடைக்குமா என்பதிலும் கூடுதல் காசுக்குப் பொருள் உண்டு. வெற்றிடத்தைப் பொறுத்தவரை கை இன்னும் உதவும். கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் கழித்து வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள்; சுட்டால் வெற்றிடம் போய்விட்டது, அது 400 ரூபாய்ப் பொருளானாலும் 4,000 ரூபாய்ப் பொருளானாலும். போனதை வீட்டிலோ தெருக்கோடிப் பட்டறையிலோ மீட்க வழியில்லை. பழைய பிளாஸ்க்குக்கு இருந்த மறுபிறப்பு இதற்கு இல்லை, பழைய பித்தளைக்கு இருந்த எடை மதிப்பும் இல்லை. இதுதான் என்னை வருத்துகிறது.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பித்தளைக்குள் ஈயம் பூச வருகிறவரிடம் “வெள்ளீயம்தானே?” என்று அழுத்திக் கேட்கும் பெண்கள் இருந்தார்கள், காரீயம் கலந்துவிடுமோ என்ற அச்சம் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வரை தொடர்ந்தது. தன் டம்ளர்களில் வெற்றிடத்தை மூடும் அடிப்புள்ளியில் காரீயம் இருப்பதை 2024இல் ஸ்டான்லி நிறுவனமே ஒப்புக்கொண்டது. எஃகு மூடியின் கீழ் அது அடைபட்டிருக்கிறது, பானத்தைத் தொடாது என்றும் சொன்னது. எத்தனையோ உலோகங்கள் மாறிய பின்னும் அதே கேள்வி அடுப்படிக்குத் திரும்பி வந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் எதிரே பூச்சுக்காரர் இல்லை.

தாயும் மகளும் கடைசியில் விலை குறைந்ததையே எடுத்தார்கள். கல்லாவில் பணம் கட்டியதும், வாசலோரம் பெயர் வெட்டுகிறவரிடம் தாய் அதை நீட்டினார். வண்ணம் பூசிய உடலில் வெட்டினால் பூச்சு பெயர்ந்துவிடும் என்று அவர் டம்ளரைக் கவிழ்த்தார். அடியில் வெறும் எஃகு வட்டம், அதன் நடுவே வெற்றிடத்தை அடைத்த சின்னப் பொட்டு. “இதுல கை வைக்கக் கூடாதும்மா” என்று சொல்லி, பொட்டைச் சுற்றி ஓரமாக, மகளின் பெயரை எழுத்தெழுத்தாகப் புள்ளியிட்டு வெட்டினார். முன்னால் முதலெழுத்து வேண்டுமா என்று கேட்டார். தாய் ஒரு கணம் யோசித்து, தம் பெயரின் முதலெழுத்தைச் சொன்னார்.